வயதுக்கோடு: புனைவிலும் சாத்தா வழிபாட்டிலும் வயதுசார் நுழைவுத்தடை

ஜே.கே. ரௌலிங் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஹாரி பாட்டர் வரிசையின் நான்காம் நாவலில், தலைமையாசிரியர் டம்பிள்டோர் தீக்கிண்ணத்தைச் சுற்றி மந்திரக்கோடு ஒன்று வரைகிறார். 17 வயது நிரம்பாதோர் அதனைக் கடக்க இயலாது. வயதைக் கூட்டும் மருந்தைப் பருகிக் கடக்க முயன்ற இரட்டையர் தூக்கியெறியப்பட்டு, நரைத்த தாடியுடன் எழுகின்றனர். ஆயினும் 14 வயது ஹாரியின் பெயர் கிண்ணத்திலிருந்து வெளிப்படுகிறது. அதனை இட்டவர் வயதுவந்த வேறொருவர். கோடு அளந்தது கடப்பவரின் வயதை. காக்க வேண்டியிருந்ததோ இளையோரின் உயிரை. அளவுகோலுக்கும் நோக்கத்துக்கும் இடையிலான இவ்விலகல் புனைவுக்கு மட்டும் உரியதன்று.

தென்காசி வட்டாரத்தார் நன்கறிந்த வயதுக்கோடு சபரிமலையில் உள்ளது. செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் அமைந்த சாத்தா கோயில்களைத் தெய்வத்தின் வாழ்க்கைப் பருவங்களாகவே மரபு காண்கிறது: குளத்துப்புழையில் குழந்தை, ஆரியங்காவில் இளைஞர், அச்சன்கோவிலில் பூரணை, புட்கலையுடன் இல்லறத்தார், சபரிமலையில் பிரமசாரி. மார்கழியில் அச்சன்கோவிலுக்குச் செல்லும் ஆபரணப்பெட்டியைத் தென்காசி மக்கள் வழியில் வரவேற்று வணங்குகின்றனர். இவ்வாறு பருவம் முதலில் தெய்வத்துக்கு உரியதாகிறது. சபரிமலையில் அது வழிபடுவோரின் வயதாகவும் மாறுகிறது.

இம்மாற்றத்தில் எண் நிலையாக இருக்கவில்லை என்பதே கருதத்தக்கது. திருவிதாங்கூர் தேவசம் வாரியத்தின் 1955, 1956ஆம் ஆண்டு அறிவிப்புகள் 10 முதல் 55 வயது வரையுள்ள பெண்களை விலக்கின. 1965ஆம் ஆண்டின் கேரள விதி 3(ஆ) வயது எதனையும் குறிப்பிடாமல், வழக்கம் அனுமதிக்காத காலங்களை மட்டுமே சுட்டியது. 1991 ஏப்ரல் 5 அன்று கேரள உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் மேல்வரம்பு 50 ஆயிற்று. 52 வயதுப் பெண்ணொருத்தி முந்தைய அறிவிப்பின்படி விலக்கப்பட்டவள்; தீர்ப்பின்படி அனுமதிக்கப்பட்டவள். தெய்வத்தின் பிரமசரியத்தில் இடையே மாற்றம் ஏதும் நிகழ்ந்துவிடவில்லை. எண் இங்குப் பூப்புக்கும் மாதவிடாய் நிற்றலுக்கும் பதிலியாக நின்றது. உடலோ ஆளுக்கு ஆள் வேறுபடுவது.

பெண்ணின் வயதைப் பகுப்பது தமிழுக்குப் புதிதன்று. உலா இலக்கியத்தின் எழுபருவ மரபில் பேதை 5 முதல் 7, பெதும்பை 8 முதல் 11 எனத் தொடங்கிப் பேரிளம்பெண் 40இல் முடிவது பரவலாக வழங்கும் கணக்கு. சபரிமலையின் 10 என்னும் வரம்பு பெதும்பைப் பருவத்தை நடுவே வெட்டுகிறது. 50 என்பதோ அம்மரபின் கணக்குக்கு அப்பாற்பட்டது. மேலும், உலாவின் பகுப்பு யாரையும் வாயிலில் நிறுத்துவதற்காக எழுந்ததன்று. எழுபருவத்தாரும் தெருவுக்கு வந்து தலைவனைக் காண்பதற்காகவே அது பாடப்பட்டது.

2018 செப்டம்பர் 28 அன்று உச்சநீதிமன்றம் 4:1 என்னும் பெரும்பான்மையில் இத்தடையை நீக்கி, விதி 3(ஆ)வையும் செல்லாததாக்கியது. உடலியல் கூறு வழிபாட்டுரிமையை மறுக்கும் காரணமாகாது என்பது பெரும்பான்மையோர் நிலைப்பாடு. சமய நம்பிக்கையைப் பகுத்தறிவின் அளவையால் நீதிமன்றம் எடைபோடலாகாது என மாறுபட்டார் நீதிபதி இந்து மல்கோத்ரா. அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதியும் அவரே. 2019 நவம்பர் 14 அன்று, சீராய்வு மனுக்களின்போது எழுந்த சமயவுரிமை குறித்த வினாக்கள் 3:2 என்னும் பெரும்பான்மையில் பேரமர்வுக்கு அனுப்பப்பட்டன.