கதையை நிறுத்திக் கேள்வி கேட்பவர்

அரசவையில் இரண்டு சிறுவர்கள் ராமாயணம் பாடுகிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் ராமர். பாடுபவர்கள் தம் பிள்ளைகள் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. லவனும் குசனும் பாடிய அந்தக் காட்சியைத் தங்கள் கலையோடு சேர்த்துப் பேசுகிறார்கள் கோச் ராஜ்போங்ஷி மக்கள். குசனின் பெயரைத் தாங்கிய அந்தக் கலைதான் 'குஷான் கான்'. 'கான்' என்றால் பாட்டு.

மேற்கு வங்காளத்தின் கூச் பெஹார், அசாமின் கோல்பாரா, வங்காளதேசத்தின் ரங்பூர் ஆகிய பகுதிகளில் இது வழங்குகிறது. நாட்டின் எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்தது, பாட்டைப் பிரிக்கவில்லை.

பெரிய மேடை வேண்டாம். வீட்டு முற்றமே போதும். மக்கள் சுற்றி உட்கார, தெய்வ வணக்கத்துடன் ஆட்டம் தொடங்கும். தலைமைப் பாடகர் 'கீதால்'. அவர் கையில் இருப்பது 'பேனா'. எழுதுகிற பேனா அல்ல, வில்லால் இழைத்து வாசிக்கும் ஒற்றைத் தந்தி வாத்தியம். பெண் வேடமிட்ட இளைஞர்கள் ஆடுவது பழைய வழக்கம்.

ஆனால், ஆட்டத்தின் உயிர் 'தோவாரி'யிடம் இருக்கிறது. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். கீதால் பக்தியோடு பாடிக்கொண்டிருக்கும்போதே இவர் குறுக்கிடுவார். ஒன்றும் தெரியாதவர்போல் கேள்வி கேட்பார், கிண்டல் செய்வார், பாட்டின் பொருளை ஊர்ப்பேச்சில் விளக்குவார். கூட்டம் சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் சீதையின் துயரம் வந்து நிற்கும், கண்கள் கலங்கும்.

அந்த ஊர்ப்பேச்சுதான் ராஜ்போங்ஷி மொழி. வங்காளியின் அல்லது அசாமியின் வட்டார வழக்கு என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட மொழி அது. 2018இல் மேற்கு வங்காள அரசு அதை அலுவல் மொழிகளில் ஒன்றாக ஏற்றது. சட்டம் ஏற்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த மொழிக்கு முற்றத்தில் மரியாதை கொடுத்தவர் தோவாரி.

பாட்டை எழுதி வைக்கலாம், பதிவு செய்யலாம். தோவாரியின் பேச்சை அப்படிக் காப்பாற்ற முடியாது. அன்று எதிரே உட்கார்ந்திருக்கும் மக்களைப் பார்த்துப் பிறப்பது அது. பேச்சு மொழி பிள்ளைகளின் வாயில் நின்றால்தான் அடுத்த தோவாரி வருவார்.

வீட்டில் நாம் ராமாயணம் சொல்லும்போது, பிள்ளை இடையில் நிறுத்தி, "ஏன் சீதையைக் காட்டுக்கு அனுப்பினார்?" என்று கேட்டால் அதட்ட வேண்டாம். ராஜ்போங்ஷி முற்றங்களில் அப்படிக் கேட்பவருக்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.