தறிக்குத் துணை வந்த பாட்டு

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, உத்திரமேரூர் போகிற சாலையில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது ஓரிக்கை. இன்று அது காஞ்சி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

இந்த ஊருக்கு இப்படி ஒரு பெயர் எப்படி வந்தது? ஒரு புலவருக்கும் ஓர் அரசனுக்கும் நடந்த தகராறில் வந்தது என்று காஞ்சி மக்கள் கதை சொல்வார்கள்.

திருமழிசை ஆழ்வாருக்குக் கணிகண்ணன் என்று ஒரு சீடர். பல்லவ அரசன் அவரைக் கூப்பிட்டான். "என்னைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடு" என்றான். "மனிதரைப் பாடுவதில்லை" என்றார் கணிகண்ணன். அரசனுக்குக் கோபம் வந்தது. "இந்த ஊரில் இருக்காதே, போ!" என்று விரட்டிவிட்டான்.

சீடர் போனார். குருவும் கூடவே கிளம்பினார். திருவெஃகா கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளையும் "எழுந்து வா" என்று அழைத்தார். பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் ஓரிக்கை. "ஓர் இரவு இருக்கை" என்பது ஓரிக்கை ஆயிற்றாம்.

காஞ்சி களை இழந்தது. அரசன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான். மூவரும் திரும்பினார்கள்.

பாட்டை உத்தரவு போட்டு வாங்க முடியாது. விரட்டினால் ஊர்தான் இருண்டு போகும். கதை சொல்வது இதைத்தான். இதே போன்ற ஒன்று நம் நாட்டிலும் நடந்தது. பல்லவர் காலத்தில் அல்ல, ரேடியோ காலத்தில்!

காது மட்டும் சும்மா இருக்கும்

காஞ்சிப் பட்டு நெய்வது குழித்தறியில். நெசவாளி குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பார். கால் மிதியை மிதிக்கும். கை நாடாவை ஓட்டும். கண் இழையின் மேலேயே இருக்கும். கண் தப்பினால் இழை தப்பும். இழை தப்பினால் கூலி தப்பும்!

கோர்வைச் சேலை என்றால் ஓர் ஆள் போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் அது மனைவி. முன்னாளில் பல வீடுகளில் அது பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளை.

ஒரு சேலை முடிய இரண்டு வாரம், மூன்று வாரம்கூட ஆகும். காலை முதல் மாலை வரை அதே இடம், அதே சத்தம். காலுக்கு வேலை உண்டு. கைக்கு வேலை உண்டு. கண்ணுக்கு வேலை உண்டு. காதுக்கு மட்டும் வேலை இல்லை.

உலகம் முழுவதும் கைத்தொழில் செய்கிறவர்களுக்கு இந்த நிலைதான். கியூபா நாட்டில் சுருட்டுத் தொழிலாளிகள் 1865-ல் ஒரு வழி கண்டார்கள். சுருட்டுக் கூடத்தில் ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள். படிப்பவருக்குச் சம்பளம்? தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். மறு ஆண்டே அங்கே ஆண்ட ஸ்பானியர்கள் தடை போட்டார்கள். தடை நிலைக்கவில்லை. வழக்கம் மீண்டும் வந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில், கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கூடங்களிலும் இப்படித்தான். ஒருவர் செய்தித்தாள் படிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள்.

போர்க்காலத்தில், 1940-ல், பிரிட்டனில் பி.பி.சி. வானொலி தொழிற்சாலைகளுக்கென்றே பாட்டு ஒலிபரப்பியது. காலையில் அரை மணி. பிற்பகலில் அரை மணி. பாட்டு கேட்டால் அலுப்புத் தெரியாது. வேலையும் ஓடும் என்பது கணக்கு.

தறி வீட்டில் அந்த வேலையைச் செய்தது ரேடியோ.

பாட்டு கடல் தாண்டியது

சென்னையில் அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16-ந்தேதி தொடங்கியது. முதலில் ரேடியோப் பெட்டி வசதி உள்ளவர் வீட்டில்தான் இருந்தது. பிறகு பூங்காவிலும் பஞ்சாயத்திலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ஊர் கூடி நின்று கேட்டது.

1952-ல் பி. வி. கேஸ்கர் மத்திய செய்தி, ஒலிபரப்பு அமைச்சர் ஆனார். அவர் சாஸ்திரிய சங்கீதம் கற்றவர். மக்கள் நல்ல சங்கீதம் கேட்க வேண்டும் என்பது அவர் விருப்பம். விருப்பத்தில் தவறில்லை. ஆனால், அதற்காகச் சினிமாப் பாட்டுக்கு இருந்த நேரம் சுருக்கப்பட்டது. படத் தயாரிப்பாளர்களோடு தகராறும் வந்தது. வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப் போயிற்று.

மக்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவை அணைத்தார்களா? இல்லை, முள்ளைத் திருப்பினார்கள்!

முள் போய் நின்ற இடம் இலங்கை. போர்க்காலத்தில் ராணுவத்துக்காகக் கொழும்பில் வைத்த சக்தி வாய்ந்த கருவிகள் போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. அங்கிருந்து சினிமாப் பாட்டு தாராளமாக வந்தது. தமிழில் மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்கள் வந்தார்கள். அவர்களின் முகத்தை இங்கே பலர் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதும் தெரிந்துகொள்வார்கள். பின்னாளில் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் அப்படியே தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர் ஆனார்கள்.

ஓரிக்கைக் கதை அப்படியே நடந்தது. இன்னதைப் பாடு என்று மேலிடம் சொன்னது. பாட்டு ஊரை விட்டுப் போனது. கேட்பவர்களும் பின்னாலேயே போனார்கள்.

1957 அக்டோபர் 3-ந்தேதி அகில இந்திய வானொலி "விவித் பாரதி" என்ற புதிய ஒலிபரப்பைத் தொடங்கியது. சினிமாப் பாட்டுக்கு அதில் இடம் கிடைத்தது. போன பாட்டு ஐந்து ஆண்டில் வீடு திரும்பியது.

அதன் பின் டிரான்சிஸ்டர் வந்தது. மின்சாரம் வேண்டாம், பேட்டரி போதும். தறிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிடலாம். பாட்டு, செய்தி, நாடகம், விவசாயிகளுக்கான யோசனை எல்லாம் தறிச் சத்தத்துக்கு நடுவே வந்தன. மணி என்ன என்பதைக்கூட நிகழ்ச்சியை வைத்தே சொல்லலாம்.

கரை நாடா தள்ளிய பிள்ளைக்கும் அது ஒரு வாசல். டில்லி எங்கே, கொழும்பு எங்கே என்பதை அந்தப் பிள்ளை காதால் அறிந்தது. ரேடியோ பள்ளிக்கூடத்துக்கு ஈடாகாது. பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை தறியில் இருந்தது பெரிய குறை. அந்தக் குறைக்கு நடுவே கிடைத்த சிறு ஆறுதல் அது.

கண்ணைக் கேட்ட பெட்டி

1975 ஆகஸ்டு 15-ந்தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" என்றால் தெருவே டி.வி. இருக்கும் வீட்டில் கூடும். 1993-ல் சன் டி.வி. வந்தது. நாள் முழுவதும் படமும் தொடரும் பார்க்கலாம் என்றாயிற்று.

ரேடியோ காதைத்தான் கேட்டது. டி.வி. கண்ணைக் கேட்டது. நெசவாளியிடம் மிச்சம் இருந்தது காது, கண் அல்ல. கண்ணை டி.வி.க்குக் கொடுத்தால் தறி நிற்கும். மாதச் சம்பளக்காரருக்கு அரை மணி போனால் போகட்டும். நெசவாளிக்குக் கூலி சேலைக் கணக்கில். தறி நின்ற நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்?

ஆகவே பல வீடுகளில் டி.வி. ஓடும், நெசவாளி முகத்தைத் திருப்பாமல் வசனத்தை மட்டும் கேட்பார். பக்கத்து அறையில் எல்லாரும் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவர் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்!

ஆளுக்கொரு பாட்டு

இப்போது கைப்பேசி வந்துவிட்டது. ஒரு வகையில் அது ரேடியோவைத் திருப்பிக் கொண்டுவந்தது. எந்தப் பாட்டு வேண்டுமோ, அந்தப் பாட்டு. காத்திருக்க வேண்டாம். எந்த அமைச்சரும் தடுக்க முடியாது. நெய்த சேலையைப் படம் எடுத்து வெளியூர் ஆளுக்கு அனுப்பவும் அதே கருவிதான். நெசவாளிக்கு அது லாபமே.

ஆனால், ஒன்று மாறிவிட்டது. முன்பு ஒரு ரேடியோ பாடினால் தறியில் இருவரும் கேட்டார்கள். திண்ணையில் பாவுக்குப் பட்டு பிரிக்கும் பாட்டியும் கேட்டாள். பக்கத்து வீட்டிலும் அதே பாட்டு. "இந்தப் பாட்டு எந்தப் படம்?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் சொல்ல, பேச்சு வளரும். இப்போது நெசவாளியின் காதில் ஓர் இயர்போன். பக்கத்தில் உள்ளவர் காதில் இன்னோர் இயர்போன். ஒரே சேலை, இரண்டு பாட்டு.

பல்லவன் விரட்டினான், பாட்டு போனது. அமைச்சர் சுருக்கினார், பாட்டு போனது. இரண்டு தடவையும் திரும்பி வந்தது. இந்தத் தடவை யாரும் விரட்டவில்லை. பாட்டு வீட்டில்தான் இருக்கிறது. கூட உட்கார்ந்து கேட்கும் பழக்கம்தான் வெளியே போய்விட்டது.

அதைத் திருப்பிக் கூப்பிட அரசன் வர வேண்டியதில்லை. தறியில் உட்காரும்போது காதில் இருப்பதைக் கழற்றிவிட்டு, கைப்பேசியைச் சற்று உரக்கப் பாடவிட்டால் போதும். பக்கத்தில் இருப்பவர் நிச்சயம் கேட்பார்: "இது எந்தப் படம்?"