"பிரேக் பிடிக்கலை சார்!" - மோதிய பிறகு சொல்லும் சாக்கு செல்லுமா?

சென்னை,

நடுரோட்டில் கார் மோதி நிற்கிறது. கூட்டம் கூடிவிட்டது. டிரைவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன? "பிரேக் பிடிக்கலை சார்!"

அண்ணா சாலை ஆனாலும் சரி, ஜி.எஸ்.டி. ரோடு ஆனாலும் சரி, இந்த வசனம் மாறுவதே இல்லை. அடுத்த காட்சி போலீஸ் ஸ்டேஷன் வாசலில். டிரைவர் ஓனரைக் கை காட்டுவார். "ஒரு மாசமா சொல்றேன், காதுல வாங்கல." ஓனர் மெக்கானிக் பக்கம் திரும்புவார். "போன வாரம்தான் பட்டறையில விட்டு எடுத்தேன்." மெக்கானிக் சும்மா இருப்பாரா? "லைனிங் மாத்தணும்னேன். அப்புறம் பார்த்துக்கலாம்னு இவர்தான் வண்டியை எடுத்துட்டுப் போனாரு!"

மூன்று பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

சொல்லாமல் போகாது

பிரேக் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். மிதித்தால் கிரீச் என்று கத்தும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். வீல் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். இத்தனையும் பார்த்துவிட்டு "திடீர்னு போச்சு" என்றால் எப்படி?

பலருக்குத் தெரியாத சங்கதி பிரேக் ஆயில். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நாளாக ஆக அதில் தண்ணீர் சேரும். ஊட்டி, ஏற்காடு மலையில் இறங்கும்போது விடாமல் பிரேக்கை மிதித்தால், சூட்டில் அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது! அதனால்தான் 2 வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். இறக்கத்தில் சின்ன கியரில் வா என்று அந்தக் கால அம்பாசிடர் டிரைவர்கள் சொன்னதும் இதற்குத்தான்.

சீட் கவருக்கும் ஸ்பீக்கருக்கும் ஆயிரக்கணக்கில் அள்ளிவிடும் ஆசாமி, பிரேக் பேடு என்றதும் "புதுப்பேட்டையில பழசு கிடைக்குமா?" என்று கேட்பதுதான் வேடிக்கை. கதவு, பம்பர், கண்ணாடி பழசாக வாங்கலாம், தப்பில்லை. தேய்வதற்கென்றே செய்த சாமானைப் பழசாக வாங்கி என்ன மிச்சம்?

ஓட்ட விட்டவருக்கும் உண்டு

புது டாக்சி, லாரி என்றால் 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு முறையும், பிறகு வருஷா வருஷமும் எப்.சி.க்குப் போக வேண்டும். சொந்தக் காருக்கு? பதிவு செய்து 15 வருஷம் வரை அந்த வேலையே கிடையாது! எந்த இன்ஸ்பெக்டரும் வந்து பிரேக்கை மிதித்துப் பார்க்கப் போவதில்லை.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 190-வது பிரிவு இருக்கிறது. ஆபத்தான கோளாறு உள்ள வண்டியை ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட விட்டவரும் மாட்டுவார். "எனக்குத் தெரியாதே" என்று தப்பவும் முடியாது. சாதாரணமாகக் கவனித்தாலே தெரிந்திருக்கும் என்றால் போதும். அபராதம் 1,500 ரூபாய். யாருக்காவது காயம் பட்டுவிட்டால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. கவனக்குறைவால் உயிரே போனால்? பழைய சட்டத்தில் 2 வருஷம் வரை ஜெயில். 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 5 வருஷம் வரை!

இன்னொன்று. ஓடும் ஜீப்பில் டயர் வெடித்து, வண்டி மோதி ஒருவர் இறந்த வழக்கு. டிரைவர் மேல் தப்பில்லை என்று கீழே தள்ளுபடி ஆனது. 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு விடவில்லை. தப்பு இல்லாவிட்டாலும் நஷ்டஈடு உண்டு என்று தீர்ப்பளித்தது.

நிஜமாகவே பிரேக் போய்விட்டால்? பதறாமல் பெடலை மளமளவென்று பல தடவை மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹாரனை விடாமல் அடியுங்கள். வண்டி ஓடும்போது சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.