சித்திரத்திற்கு உயிர் தருங் குரல்

குழந்தை மொழியைக் கற்குமிடம் பள்ளிக்கூடமே என்று ஆசிரியராகிய நாம் எண்ணி மகிழ்கின்றோம். உண்மை அவ்வாறன்று. அரிச்சுவடியுடன் நம்முன் வந்து அமர்வதற்கு முன்னரே பிள்ளை ஆயிரக்கணக்கான சொற்களைச் செவிவாயிலாகப் பெற்றுவிடுகின்றது. தாயும் தந்தையும் பாட்டியுமே அதன் முதலாசிரியர். அவர்க்கு அடுத்தபடியாக இக்காலத்தில் பிள்ளைக்கு மொழி கற்பிப்பவர் யாரெனின், முகங்காட்டாத ஒருவர். தொலைக்காட்சியில் ஓடியாடும் சித்திர முயலுக்கும் பூனைக்கும் வாத்துக்கும் குரல் கொடுப்பவரே அவர். அவர்தம் தொழிலின் இயல்பையும், அது நம் நாட்டில் வளர்ந்தவாற்றையும், அதன்கண் நமக்குள்ள கடமையையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தொழில் இருவகைப்படும். புதிதாக ஆக்கப்படும் சித்திரத்திற்குக் குரல் கொடுத்தல் முதல்வகை. இங்கே பெரும்பாலும் குரலே முன்னர்ப் பிறக்கின்றது. நடிகர் பேசியதை ஒலிப்பதிவு செய்து, அப்பேச்சின் ஏற்ற இறக்கங்களைக் கேட்டுக் கேட்டே ஓவியர் வாயசைவையும் முகக்குறிப்பையும் வரைகின்றனர். முன்னரே ஒரு மொழியில் முடிந்துவிட்ட படத்திற்கு மற்றொரு மொழியிற் குரல் சேர்த்தல் இரண்டாம் வகை. இதனை 'டப்பிங்' என்பர். முன்னதிற் படம் குரலைப் பின்பற்றும். பின்னதிற் குரல் படத்தைப் பின்பற்றும்.

முதல்வகையிற் பெரும்புகழ் ஈட்டியவர் அமெரிக்கரான மெல் பிளாங்க் (1908-1989) என்பவர். வானொலியிற் பயிற்சி பெற்று வந்த இவர், 1937இல் போர்க்கி என்னும் திக்குவாய்ப் பன்றிக்கும், 1940இல் பக்ஸ் பனி என்னும் குறும்புக்கார முயலுக்கும் குரல் கொடுத்தார். முயல் கரட் தின்னும் ஓசைக்கு ஈடாக வேறெப்பொருளும் அமையாமையால், ஒலிவாங்கியின் முன் கரட்டையே கடித்து, விழுங்க நேரமின்றித் துப்பிவிட்டு அடுத்த வசனத்தைப் பேசுவாராம். 1961இல் நேர்ந்த மோட்டார் விபத்தொன்றில் இவர் பல நாள் நினைவிழந்து கிடந்தார். பெயர் சொல்லி அழைத்தபோது மறுமொழி இல்லை. மருத்துவர் ஒருவர் முயலின் பெயரை விளித்து நலம் வினவினார். முயலின் குரலில் விடை வந்தது என்பர். ஒரு மனிதர் தம் தொழிலில் எத்துணை ஆழ்ந்திருந்தார் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

டொனால்ட் என்னும் வாத்தின் குரலாக 1934 முதல் ஏறத்தாழ ஐம்பதாண்டு வாழ்ந்தவர் கிளாரன்ஸ் நாஷ். யப்பானில் டோரேமொன் என்னும் இயந்திரப் பூனைக்கு 1979 முதல் 2005 வரை குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா என்னும் பெண்மணி, 2024இல் மறைந்தார். சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்களே பெரிதும் குரல் கொடுத்தல் ஏனெனின், உண்மைச் சிறுவனின் குரல் பதின்மூன்று பதினான்கு வயதில் உடைந்துவிடும். பெண்ணின் குரலோ பல்லாண்டு மாறாது நிற்கும்.

இனி, இரண்டாம் வகையின் அருமையைத் தமிழ் மாணவர் எளிதில் உணரலாம். தொல்காப்பியப் பிறப்பியலைக் கற்றோர், பகரமும் மகரமும் இதழிரண்டும் பொருந்தப் பிறப்பன என்பதையும், வகரம் மேற்பல்லும் இதழும் பொருந்தப் பிறப்பது என்பதையும் அறிவர். குரல் சேர்ப்போர்க்கு இவ்விலக்கணமே அன்றாடக் கருவி. ஆங்கிலச் சித்திரத்தில் ஒருவன் தன் நாய்க்குட்டியைக் 'கம்' என்று அழைக்கின்றான் எனக் கொள்வோம். சொல்லின் இறுதியில் அவன் வாய் மூடுகின்றது. அதனை 'வா' என மொழிபெயர்த்தால், குரல் திறந்திருக்கப் படத்தில் வாய் மூடிநிற்கும். 'வாரும்' என்றால் இதழ் பொருந்தும். ஆயின் காலம் பொருந்தாது. 'கம்' ஒன்றரை மாத்திரை. 'வாரும்' மூன்றரை மாத்திரை. அன்றியும், நாய்க்குட்டியை 'வாரும்' என மரியாதையுடன் அழைத்தல் நகைப்புக்கிடமாகும்! ஆதலின் வசனம் எழுதுவோர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தலை விடுத்து, கருத்தைக் கொண்டு, மாத்திரையை எண்ணி, இதழ் மூடுமிடத்தை நோக்கி வாக்கியத்தையே புதிதாக ஆக்குகின்றனர். பேசுபவரோ காதிற் பொருத்திய கருவியில் மூலக்குரலைக் கேட்டு, கண்ணாற் படத்தைப் பார்த்து, வாயால் எழுதிய வசனத்தைப் பேசி, நெஞ்சில் மெய்ப்பாட்டைத் தாங்கி நிற்றல் வேண்டும். இஃது அவதானம் போன்றதொரு கலையன்றோ?

நிற்க. நம் நாட்டில் இக்கலையைச் சிறுவர்பொருட்டு நிலைநாட்டியவர் டைட்டஸ் தொட்டவத்த (1929-2011) ஆவர். 1956இல் வெளிவந்த 'ரேகாவ' என்னும் சிங்களத் திரைப்படத்தின் தொகுப்பாளராக விளங்கிய இவர், 'சண்டியா', 'ஹந்தயா' முதலிய படங்களை நெறிப்படுத்தியவர். 1982இல் ரூபவாஹினி தோன்றியபின் அங்கே குரற்சேர்க்கைப் பிரிவைக் கட்டியெழுப்பினார். அவர் பிறமொழிச் சித்திரங்களை வெறுமனே மொழிபெயர்த்தாரல்லர்; சிங்கள மண்ணிற் பிறந்தனவாகவே ஆக்கினார். விலங்குகளோடு உரையாடும் டொக்டர் டூலிற்றில், 'நல்லுள்ளம் படைத்த வைத்தியர்' எனப் பொருள்படும் 'தொஸ்தர ஹொந்தஹித' ஆனார். மேலே கூறிய பக்ஸ் பனி முயலோ 'ஹா ஹா ஹரி ஹாவா' எனப் புதுப்பெயர் பூண்டது. பெயர் மாறியது போலவே பேச்சும் பகடியும் பாட்டும் கிராமத்துப் பாட்டியின் வாய்மொழியாய் மாறின.

களனியில் வளர்ந்த யாமும் அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்து அந்த வைத்தியரின் பேச்சைக் கேட்டோம். சிங்களப் பாடநூலை விரிக்குமுன்னரே அம்மொழியின் இனிமை எம் செவியிற் புகுந்தது. யாம் இன்று பேசும் சிங்களத்திற் பாதி அந்நல்லுள்ளத்தார் தந்ததே. ஒரு சித்திரப்படம் அயலானையும் வீட்டுக்குள் அழைத்து அருகில் அமர்த்தும் ஆற்றலுடையது என்பதை அன்றே கண்டோம். ஆயினும், வீடு திரும்புகையில் ஒரு வினா எழுந்ததுண்டு: இந்த வைத்தியர் ஏன் எங்கள் அப்பாச்சி பேசுவது போலத் தமிழிற் பேசுகின்றாரில்லை?

குரல்வளம் நமக்கு இல்லாமையால் அவ்வாறு நேர்ந்ததன்று. 1925இல் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்கள் 'சானா' சண்முகநாதன் போன்றோரின் கைவண்ணத்தாற் புகழ்பெற்றன. ராஜேஸ்வரி சண்முகம் அவர்களின் குரலைக் கேட்டு வளர்ந்தோர் இம்மலரைப் படிப்போரிற் பலருளர். 'சிறுவர் மலர்' நிகழ்ச்சியிற் சிறுவனாகக் குரல் கொடுத்த பி. எச். அப்துல் ஹமீது கடல்கடந்தும் புகழ்பெற்ற ஒலிபரப்பாளரானார். எஸ். ராம்தாஸ் எழுதி நடித்த 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரில் நம் நாட்டுப் பல்வகைத் தமிழும் ஒன்றையொன்று சந்தித்து நகையாடின. அது 1976இல் 'கோமாளிகள்' எனத் திரைப்படமாகவும் வெளிவந்தது. குரலாலேயே ஊரையும் வயதையும் குணத்தையும் காட்டவல்ல கலைஞர் நம்மிடையே இருந்தனர். வானொலியில் ஓங்கிய அக்கலை, சிறுவர் தொலைக்காட்சிக்கு வந்து சேரவில்லை என்பதே குறை.

அவ்விடத்தை நிரப்பியது சென்னை. 2007இல் தமிழ்ச் சிறுவர்க்கெனச் சுட்டி தொலைக்காட்சி தொடங்கியது. டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசினர். நம் பிள்ளைகளும் மகிழ்ந்தனர். அக்குரற் கலைஞரின் திறமையை யாம் குறைகூறோம். ஆங்கிலமன்றித் தமிழே பிள்ளைகளின் செவியில் விழச்செய்த நன்றிக்குரியோர் அவர். ஆயினும் வெள்ளவத்தையில் ஓர் இல்லத்தில் யாம் கண்டதைக் கூறாதிருத்தல் இயலவில்லை. "கெதியா வா, குஞ்சு, சாப்பாடு ஆறுது" என்று முதியவள் பேரனை அழைத்தாள். ஏழு வயதுப் பேரன் தொலைக்காட்சியினின்று கண்ணெடாமலே, "அம்மம்மா, கெதியான்னா என்ன?" என்றான். அம்மூதாட்டி சிரித்தாள், யாமும் சிரித்தோம். பின்னர் வீடு செல்லும் வழியெல்லாம் அச்சிரிப்பு நெஞ்சில் முள்ளாய் உறுத்தியது. பேரனுக்குத் தமிழ் தெரியாமற் போகவில்லை. பாட்டியின் தமிழ் தெரியாமற் போயிற்று. யாழ்ப்பாணத்து மொழியும், மட்டக்களப்பின் இனிய பேச்சும், மலைநாட்டு மக்களின் வழக்கும், கொட்டாஞ்சேனைத் தெருக்களின் கலவைத் தமிழும் பிள்ளைகள் விரும்பும் முயலின் வாயிலும் பூனையின் வாயிலும் ஒலிக்காவிடின், அவை முதியோரின் மொழியென ஒதுங்கிவிடும்.

ஆதலின் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். இத்தொழில் இழிவானதன்று. இதிற் புகவிரும்புவோர் நாள்தோறும் உரக்க வாசித்துப் பழகுக. லகர ளகர ழகரங்களையும், ரகர றகரங்களையும், னகர ணகரங்களையும் பிழையற ஒலிக்கப் பயில்க. ஒரே கதையிற் கிழவனாகவும் சிறுமியாகவும் காகமாகவும் மாறிப் பேசிப் பார்க்க. மூச்சை அளந்து பேசுதல் பாட்டுக்காரர்க்கு மட்டுமன்று, இவர்க்கும் இன்றியமையாதது. குரலே முதலாதலின், வீணே கத்தித் தொண்டையைக் கெடுத்தல் கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, தத்தம் வீட்டு முதியோர் பேசுவதைச் செவிகொடுத்துக் கேட்க. அவரே நும் முதற் பயிற்சிக் கூடம்.

பழைய மாணவராகிய பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். ஒலிபரப்பிலும் கணினித் துறையிலும் வணிகத்திலும் சிறந்து விளங்குவோர் நும்முட் பலருளர். ஒலிப்பதிவுக் கருவி இன்று கைக்குள் அடங்கிவிட்டது. நம் ஊர்க் கதை ஒன்று, பத்து நிமிடச் சித்திரம் ஒன்று, நம் பிள்ளைகளின் குரல் நான்கைந்து: இவை போதும், தொடங்குவதற்கு. அவ்வாறு ஒன்று உருவாகுமாயின், அதில் வரும் கிழட்டு முயல் தன் குட்டியைக் "கெதியா வா" என்றே அழைக்கட்டும். அப்பொழுது எந்தப் பேரனும் அதன் பொருளைக் கேட்கமாட்டான்.