மேதைகளை மடக்கினால் டாலர் பரிசு!
அமெரிக்க ரேடியோவைக் கலக்கிய கேள்வி-பதில்

சேவல் கூவும். "அமெரிக்கா, எழுந்திரு! மேதைகளை மடக்கும் நேரம் வந்தாச்சு!" என்று அறிவிப்பாளர் முழங்குவார். வீட்டில் இருப்பவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து விடுவார்கள்.

'இன்பர்மேஷன் ப்ளீஸ்' என்ற கேள்வி-பதில் நிகழ்ச்சிதான் அது. 1938 மே 17-ந் தேதி நியூயார்க்கில் என்.பி.சி. ரேடியோவில் தொடங்கியது.

அதற்கு முன்பும் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் இருந்தன. ஆனால் அங்கே கேள்வி கேட்பவர் பெரிய ஆள். பதில் தெரியாமல் திருதிருவென்று விழிப்பது சாதாரண ஜனங்கள். கேட்பவர்களுக்கு அது வேடிக்கை.

டான் கோலன்பால் என்ற ரேடியோக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "ஜனங்கள் கேட்கட்டும், படித்தவன் முழிக்கட்டும்" என்று அப்படியே திருப்பிப் போட்டார்!

ஏகாம்பரங்கள்

கேள்விகளை வாசித்தவர் கிளிப்டன் பாடிமன். 'நியூயார்க்கர்' பத்திரிகையில் புத்தக விமர்சனம் எழுதியவர். நாக்கு கொஞ்சம் நீளம்.

பதில் சொல்ல உட்கார்ந்தவர்கள் எல்லாம் தெரிந்த ஏகாம்பரங்கள். பத்திரிகையாளர் பிராங்க்ளின் ஆடம்ஸ், பியானோ கலைஞர் ஆஸ்கார் லெவன்ட், அப்புறம் ஜான் கீரன்.

இந்தக் கீரன்தான் ஆச்சரியமான ஆசாமி. 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர். பேஸ்பால் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தால் ஏமாந்தோம். ஷேக்ஸ்பியர், லத்தீன், பறவைகள் என்று எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்.

விருந்தாளிகளும் வருவார்கள். சினிமா டைரக்டர் ஹிட்ச்காக் வந்தார். 1940-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்ற வெண்டல் வில்கியும் அதே ஆண்டு வந்து பதில் சொன்னார்.

ஒத்திகை கிடையாது. கேள்வியை முன்கூட்டிக் காட்டுவதும் கிடையாது.

நேயர் அனுப்பிய கேள்வியை எடுத்துக் கொண்டால் 2 டாலர். மேதைகள் தோற்றால் மேலும் 5 டாலர். அப்போது கடைக் கல்லாப்பெட்டியின் 'டிங்' சத்தம் கேட்கும். பிறகு தொகையும் ஏறியது. என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா புத்தகங்களும் சேர்ந்தன. மளிகைக்கடைக்காரரும் குமாஸ்தாவும் மண்டையைக் குடைந்து கேள்வி எழுதியதில் என்ன ஆச்சரியம்?

சிகரெட் சண்டை

1940-ல் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் கம்பெனி விளம்பரதாரராக வந்தது. தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால்தான் சரக்கு விற்கும் என்பது அவர் கட்சி.

1942-ல் அந்தச் சிகரெட்டின் பச்சை நிற அட்டை வெள்ளையாக மாறியது. பச்சை மைக்கு வேண்டிய உலோகம் யுத்தத்துக்குத் தேவை என்று காரணம் சொன்னார்கள். அதோடு விட்டார்களா? "லக்கி ஸ்ட்ரைக் பச்சை போருக்குப் போய்விட்டது!" என்று நிகழ்ச்சி நடுவே ஓயாமல் கத்த ஆரம்பித்தார்கள்.

கோலன்பாலுக்குப் பொறுக்கவில்லை. "என் நிகழ்ச்சியைக் கெடுக்கிறது, நிறுத்து" என்றார். கம்பெனி கேட்கவில்லை. பணம் கொடுக்கிற முதலாளி மீதே வழக்குப் போட்டார்!

கோர்ட்டில் தோற்றார். ஆனால் விஷயம் பத்திரிகைகளில் அடிபட்டது. 1943 தொடக்கத்தில் சிகரெட் கம்பெனி விலகிக் கொண்டது.

விளம்பரம் போனால் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். உடனே கெட்சப் தயாரிக்கும் ஹெய்ன்ஸ் கம்பெனி வந்து நிகழ்ச்சியைத் தூக்கிக் கொண்டது. விளம்பரத்துக்கு அஞ்சி நடுங்கும் ரேடியோ உலகில் இது லேசான காரியமல்ல.

யுத்த காலத்தில் இந்தக் கோஷ்டி ஊர் ஊராகப் போய், யுத்தக் கடன் பத்திரம் விற்கவும் உதவியது.

1951-ல் ரேடியோ நிகழ்ச்சி ஓய்ந்தது. அடுத்த ஆண்டு கோடையில் டெலிவிஷனில் கொஞ்ச நாள் வந்து போனது. ஆனால் 1947-ல் அதே பெயரில் வெளியான தகவல் களஞ்சியம், நிகழ்ச்சி நின்ற பிறகும் பல ஆண்டுகள் ஆண்டுக்கு ஆண்டு வந்து கொண்டே இருந்தது.