எக்ஸ்பாக்ஸ் சுரங்கவழி விளையாட்டு

எக்ஸ்பாக்ஸ் சுரங்கவழி விளையாட்டு என்பது, வெவ்வேறு ஊர்களில் உள்ள எக்ஸ்பாக்ஸ் கருவிகளைக் கணினி மென்பொருளின் துணையுடன் இணையம் வழியாக இணைத்து விளையாடும் முறையாகும்.

பின்னணி

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸை வெளியிட்டது. கருவியில் ஈதர்நெட் இணைப்பு வசதி இருந்தபோதும், எக்ஸ்பாக்ஸ் லைவ் என்னும் அதிகாரபூர்வ இணையச் சேவை 2002 நவம்பர் 15 அன்றே தொடங்கியது. கருவியுடன் வெளியான ஹேலோ ஆட்டத்தில் நான்கு கருவிகளை வடத்தால் இணைத்து 16 பேர் வரை விளையாடலாம். ஆனால் இவ்வாட்டம் லைவ் சேவையில் இயங்கவில்லை. ஆகவே தொலைவிலிருந்த நண்பர்கள் சேர்ந்து விளையாட வேறு வழி தேவைப்பட்டது.

இயங்கும் முறை

எக்ஸ்பாக்ஸ் தனது உள்ளகப் பிணையத்தில் தரவுப் பொதிகளை அனுப்பி, வேறு கருவிகள் உள்ளனவா எனத் தேடும். அதே பிணையத்தில் உள்ள கணினி அப்பொதிகளைப் பிடித்து, இணையம் வழியாக நண்பரின் கணினிக்கு அனுப்பும். அக்கணினி அவற்றைத் தனது பிணையத்தில் மீண்டும் விடும். இதனால் எதிர்க்கருவி அருகில் இருப்பதாகவே ஒவ்வொரு எக்ஸ்பாக்ஸும் கொள்ளும். எக்ஸ்பிகனெக்ட், எக்ஸ்லிங்க் கை ஆகியன இவ்வகை மென்பொருட்களாகும்.

உள்ளகப் பிணையத்தில் பொதிகள் நொடிப்பொழுதிற்கும் குறைவான நேரத்தில் சென்றடையும். இணையத்தில் தொலைவு கூடுந்தோறும் தாமதமும் கூடுவதால் ஆட்டம் தடுமாறும். எனவே அருகிலுள்ள ஊர்களைச் சேர்ந்தவர்களுடன் விளையாடுவதே சிறந்தது.

பிற்காலம்

முதல் எக்ஸ்பாக்ஸுக்கான லைவ் சேவை 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்தப்பட்டது. சுரங்கவழியில் ஆட்டம் கருவிகளுக்கிடையே நேரடியாக நடப்பதால் நிறுவனத்தின் வழங்கி தேவையில்லை. ஆகவே உள்ளகப் பிணைய வசதி கொண்ட ஆட்டங்களை அதன் பின்னரும் இம்முறையில் விளையாட முடிந்தது.