கூட்டாறு வரை ஒரு நடை

நான் அனுப்பர்பாளையத்துக்காரன். எங்கள் ஊர் வெளியே தெரிவது பாத்திரத்தால்தான். அப்பா பட்டறையில் சொம்பு தட்டினார். நான் மிச்சமிருக்கிற ஒன்றரை ஏக்கரில் கீரையும் சோளமும் போடுகிறேன். மகன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

ஒரு நாள் ராத்திரி, "கம்பெனிப் பசங்க அஞ்சு பேரு மலையேறப் போறோம்ப்பா" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. 2018 மார்ச் 11, குரங்கணி. அன்றைக்கு அந்த மலையில் இருந்தவர்களில் ஒரு குழு சென்னையிலிருந்து வந்தது, இன்னொரு குழு நம்ம ஈரோடு, திருப்பூர் பக்கம். 20க்கும் மேற்பட்ட உயிர் போயிற்று. கரும்புத் தோகை எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தீயின் வேகம் தெரியும். மலைச்சரிவில் அது இன்னும் மோசம். கீழிருந்து ஏறுகிற தீ, தன் சூட்டிலேயே மேலே நிற்கிற புல்லைக் காயவைத்துக்கொண்டே போகும். ஆள் ஓடித் தப்புவது கஷ்டம்.

"போறதுன்னா வனத்துறை மூலமாப் போங்க, நானும் வர்றேன்" என்றேன். பசங்களுக்கு அவ்வளவு சந்தோஷமில்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. முன்பதிவு செய்துதான் போகணும். கூட வருகிற வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலைவாழ் மக்கள். காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அடைத்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்ததே இந்த அடைப்புதான். நம்ம மாவட்டத்துக்கு உள்ள பாதை சின்னாறு சோதனைச்சாவடியிலிருந்து கூட்டாறு வரை. அதனால் மார்கழிக் கடைசியில், உடுமலை தாண்டி ஒன்பதாறு சோதனைச்சாவடி வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

மூணாறில் கொட்டுகிற மழை இந்தப் பக்கம் வருவதில்லை. வெள்வேலும் கள்ளியுமாக நம்ம காங்கயம் மேட்டுக்காடு மாதிரியே இருக்கிறது. ஆற்றோரம் போனதும் எல்லாம் மாறுகிறது. நீர்மருது மரங்களுக்கடியில் சருகு மெத்தை. நான் குனிந்து சருகை விலக்கிப் பார்த்தேன். ஈரம், கறுப்பு மண், வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சாண இழை. மூடாக்கு மூடாக்கு என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுவது இங்கே யாரும் சொல்லாமல் நடக்கிறது. வழிகாட்டித் தம்பி சிரித்தார். "இதே சருகு மேல மேட்டுல மாசி மாசத்துல பெட்ரோலுங்கய்யா. பீடி நெருப்பு போதும்" என்றார். நம்ம மூடாக்குக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

கொஞ்ச தூரத்தில் அவர் சட்டென்று நின்றார். கையைக் காட்டி எங்களையும் நிறுத்தினார். பாதையில் ஆனை லத்தி. தொட்டுப் பார்த்து, "சூடு ஆறலைங்க" என்றார். உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு பையன், "காசு கட்டித்தானுங்க வந்திருக்கோம், சுத்தியாவது போலாமே" என்று முனகினான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் இருந்தது. தம்பி பதிலே சொல்லவில்லை. பிறகு மூங்கில் ஒடிகிற சத்தம், நாங்கள் போயிருக்க வேண்டிய திசையிலிருந்தே கேட்டது. அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. காசு கட்டுவதால் காட்டில் நாம் முதலாளி ஆகிவிடுவதில்லை. பண்ணையில் 'இயற்கைச் சுற்றுலா' நடத்த நினைக்கிற நம்ம ஆட்களும், நில்லு என்று சொல்கிற அதிகாரம் யார் கையில் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கூட்டாற்றில் சின்னாறும் பாம்பாறும் சேர்கின்றன. இந்தத் தண்ணீர்தான் அமராவதி அணைக்குப் போய், உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் வயல்களில் பாய்கிறது. சாயம் ஓடின நொய்யலைப் பார்த்தே வளர்ந்த என் மகன் செருப்பைக் கழற்றினான். "இறங்காதீங்க தம்பி, முதலை கெடக்கும்" என்றார் வழிகாட்டி. கடைசியில் அவனுக்குக் கிடைத்த நல்ல ஆற்றிலும் கால் வைக்க முடியவில்லை!

"இதைத் தாண்டித்தானுங்க தளிஞ்சிக்காரங்க போகணும். வெள்ளம் வந்துட்டா ரேசன் அரிசிக்கும் இந்தக் கரைதான், பிரசவ வலின்னாலும் இந்தக் கரைதான்." வருசா வருசம் பேப்பரில் படித்த செய்திதான். அந்தக் கரையில் நின்று கேட்டபோதுதான் உறைத்தது. அதற்கு முன்னால்தான் அதே ஆற்றை எல்லோரும் போட்டோ எடுத்திருந்தோம்.

பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாமென்று எங்கள் ஊர்ச் செம்புத் தூக்கில்தான் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க ஆத்தாகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருக்குதுங்க" என்றார். அவர் வீட்டில் சாமை போட்டிருக்கிறார்களாம், மலையில் வழிவழியாக வந்த விதை. ரெண்டு படி விதைக்குக் கேட்டேன்.

"பொங்கல் கழிச்சு அடிப்போமுங்க. ஆத்துல தண்ணி குறைஞ்சா நானே உடுமலை வரைக்கும் கொண்டாந்து தர்றேன்" என்றார். கையில் தூக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன்.